பேவியூ நால்வரா, பிப்பா?

பதின்ம வயதினருக்கான துப்பறியும் நாவலுக்குப் புதிதாக வருபவர் முன் இரண்டு பெயர்கள் வந்து நிற்கும்: கரேன் மெக்மானஸின் ‘ஒன் ஆஃப் அஸ் இஸ் லையிங்’ (2017), ஹாலி ஜாக்சனின் ‘எ குட் கேர்ள்ஸ் கைடு டு மர்டர்’ (2019).

முன்னதில், பேவியூ பள்ளியில் பள்ளி விட்டதும் தண்டனையாக உட்காரவைத்த ஐவரில் சைமன் தண்ணீர் குடித்ததும் ஒவ்வாமையில் சாகிறான். மீதி நால்வரும், அதாவது பேவியூ நால்வர், மாறி மாறி ‘நான்’ என்று கதை சொல்கிறார்கள். விட்டுவிட்டுப் படித்தால் பேசுவது யாரென்று குழம்பும். அத்தியாயத் தலைப்பில் உள்ள பெயரையும் நேரத்தையும் தாண்டாதீர்கள். பக்கங்கள் பறக்கும், ஆனால் புதிர் சற்று மெலிது.

துப்பு வேலைக்கு ஜாக்சன்தான். ஐந்தாண்டுக்கு முன் மூடிய வழக்கை பிப் என்ற மாணவி பள்ளி ப்ராஜெக்டாகத் தோண்டுகிறாள். பேட்டிப் பதிவு, வரைபடம், சந்தேகப் பட்டியல் எல்லாம் பக்கத்திலேயே கிடைப்பதால் நாமும் கூடவே கணக்குப் போடலாம். போன் திரையில் இவை நசுங்கும், அச்சுப் பிரதியே மேல். பிரிட்டிஷ் பதிப்பில் ஊர் லிட்டில் கில்டன், அமெரிக்கப் பதிப்பில் கனெக்டிகட்டின் ஃபேர்வியூ (இது தேவையா என்ன!). பாகங்களை இரு பதிப்பிலும் கலந்து வாங்கினால் ஊரே மாறும். இரண்டாம் பாகத்தை முதலில் தொடாதீர்கள். முதல் பாகத்தின் குற்றவாளி யாரென்று அதில் போட்டுடைத்துவிடுவார்கள்.