அல்சூர் கதைப்பட்டறை: பாலீர்ப்பு இல்லாத பாத்திரங்களை எழுதுதல்

கையில் எழுதி முடித்த கதை ஒன்று இல்லாமல் இந்தப் பட்டறைக்குப் போக வேண்டாம். பெங்களூரில் அல்சூர் பக்கம் ஒரு மாடி அறையில் ஞாயிறன்று நடக்கும் ஐந்து மணி நேரத்தில் பெரும்பகுதி உங்கள் பக்கங்களைத் திருத்துவதிலேயே போகிறது. அதற்காகவே காசு கொடுக்கலாம்.

முதல் வேலை, 'ஏசெக்ஸுவல்' (யார்மேலும் பாலியல் ஈர்ப்பு எழாதவர்) என்ற சொல் வரும் இடங்களையெல்லாம் அடிப்பது. பிறகு அந்தப் பாத்திரத்துக்கு எதில் ஆசை, எதில் பிடிவாதம், யார்மேல் பாசம் என்று மூன்று வரி. பலருக்கும் இங்கேதான் பேனா நிற்கிறது. பாத்திரத்தை ஒரு 'இல்லை'யை வைத்தே கட்டியிருக்கிறார்கள்.

அடுத்தது வாடகை வீடு பார்க்கும் காட்சி. "பேமிலியா, பேச்சுலரா?" என்கிறார் ஓனர். முதல் வரைவில் முப்பத்தாறு வயதுப் பெண் பாலீர்ப்பு பற்றி அரைப் பக்கம் விளக்குவாள். திருத்திய பிறகு, "நான் மட்டும்தான் சார்" என்று பத்து மாத அட்வான்ஸைக் குறைக்கப் பேரம் பேசிக்கொண்டே, பால்கனியில் தன் தொட்டிகள் அடங்குமா என்று பார்க்கிறாள். வாசகருக்கு அவள் யாரென்று தெரிந்துவிடுகிறது.

காலப்பிழையையும் விடாமல் பிடிக்கிறார்கள். 1985-இல் எச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலை ஊழியர் ஒருவர் தன்னை 'ஏசெக்ஸுவல்' என்று அழைத்துக்கொள்ள முடியாது. 2001-இல் டேவிட் ஜே, பாலீர்ப்பு இல்லாதவர்களுக்கான 'ஏவன்' இணையதளத்தைத் தொடங்கிய பிறகே இந்தச் சொல் பரவலானது. அந்த ஊழியருக்கு "எனக்கு அதுல நாட்டமில்ல" போதும். சிறுவயதுக் காயம், ஹார்மோன் கோளாறு என்று காரணம் தேடும் கதைகளுக்கும் இங்கே கத்தரி விழுகிறது. காரணம் சொன்னதுமே வாசகர் குணமாவதற்குக் காத்திருப்பார். கடைசிப் பக்கத்தில் 'சரியான ஆள்' வந்து நிற்பார். தன்னை ஏசெக்ஸுவல் என்று உணர்பவருக்கு ஆசைக்குறைவு நோய் என்று பெயர் சூட்டக் கூடாது என்று 2013-இல் வந்த அமெரிக்க மனநோய்க் கையேடான டி.எஸ்.எம்-5 கூடச் சொல்கிறது.

பெரிய குறை, காதலையும் காமத்தையும் பிரித்துப் பேசக் கடைசிப் பத்து நிமிடமே ஒதுக்குவது. தமிழில் இரண்டுக்கும் தனிச்சொல் கையில் இருக்கும்போது இது வீண். உருகி உருகிக் காதலிப்பவர், துணைக்காகவோ குழந்தைக்காகவோ உடலுறவுக்கு இசைபவர், கல்யாணமாகி இருபது வருடமான பெண் என யாருமே மாதிரிக் கதைகளில் இல்லை. எல்லாரும் தனியாள். துறவுக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் நன்றாகச் சொன்னார்கள்: அது எடுத்த முடிவு, இது இருப்பு.

1,500 சொல்லுக்குள் கதை, இரண்டு பிரதி, வரிகளுக்கிடையே எழுத இடம் விட்டு அச்செடுத்துக் கொண்டுபோங்கள்.