ஃபேன்ஃபிக்கும் ஃபேன் ஆர்ட்டும் ஒரே காப்பகத்தில்: எந்த வழி தாங்கும்?

தனக்குப் பிடித்த படத்தையோ தொடரையோ நாவலையோ வைத்து எழுதும் கதைகளையும் (ஃபேன்ஃபிக்) வரையும் ஓவியங்களையும் (ஃபேன் ஆர்ட்) ஒரு ரசிகர் குழு ஒரே இடத்தில் சேர்த்துவைக்க நினைத்தால், பேச்சு உடனே மென்பொருளுக்குப் போய்விடும். எது பார்க்க அழகு, எதில் டேக் (தேட உதவும் குறிச்சொல்) போட வசதி, எது இலவசம் என்று. கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆனால் இரண்டு கேள்விகளை அதற்கு முன்னாலேயே கேட்டாக வேண்டும். படங்கள் யாருடைய சர்வரில் கிடக்கும்? ஆரம்பித்தவர் ஒதுங்கிவிட்டால் கடவுச்சொல் யாரிடம் இருக்கும்?

வீண் பயமில்லை இது. 2007-ல் லைவ்ஜர்னல் என்ற வலைப்பதிவுத் தளம் நூற்றுக்கணக்கான கணக்குகளைத் திடீரென்று முடக்கியபோது ரசிகர் குழுக்களும் அதில் சிக்கின. 2018 டிசம்பரில் இன்னொரு வலைப்பதிவுத் தளமான டம்ப்ளர் பாலியல் படங்களுக்குத் தடை போட்டது. ஒரு வம்புக்கும் போகாத ஓவியங்களையும் அதன் தானியங்கி வடிகட்டி பிடித்துத் தள்ளியது. அடுத்த ஆண்டே யாஹூ குரூப்ஸ் பழைய கோப்புகளையும் அஞ்சல்களையும் அழித்தது. யாராவது முன்கூட்டியே நகலெடுத்துவைத்தவை மட்டும்தான் மிஞ்சின.

இன்று நடைமுறையில் மூன்று வழிகள் இருக்கின்றன. ஏஓ3 என்று எல்லோரும் சொல்லும் ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன் தளத்திலேயே குழுவுக்கென ஒரு தொகுப்பு திறப்பது. ஏஓ3 ஓடும் அதே மென்பொருளைச் சொந்த சர்வரில் நிறுவுவது. சாதாரண எச்டிஎம்எல் பக்கங்களாகச் சொந்தத் தளம் கட்டுவது. இஃபிக்‌ஷன் என்று ஒரு காப்பக மென்பொருளும் உண்டு, ஒரு காலத்தில் சின்னக் காப்பகங்கள் பலவும் அதில்தான் ஓடின. பழைய பிஎச்பியை நம்பி எழுதப்பட்ட அதில் இன்று புதிதாகத் தொடங்க வேண்டாம். அரட்டைக் குழுக்களைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. டிஸ்கார்டில் ஏற்றிய படத்தின் இணைப்பை வெளியே ஒட்டினால் அது கொஞ்ச நேரத்தில் காலாவதியாகிவிடுகிறது.

முதல் வழிக்கே வருவோம். ஏஓ3 2009 நவம்பரில் பொதுவில் திறக்கப்பட்டது. லாப நோக்கற்ற அமைப்பு நடத்துகிறது, விளம்பரம் கிடையாது, நன்கொடையில் ஓடுகிறது. 2019-ல் ஹியூகோ விருதும் வாங்கியது. கதைகளைப் பொறுத்தவரை இதற்குப் போட்டியே இல்லை என்பேன். எந்தக் கதையையும் இபப் (மின்னூல் கோப்பு), பிடிஎஃப் ஆக இறக்கலாம். தொகுப்பை நடத்துபவர் ஒப்புதல் தந்தால்தான் ஒரு படைப்பு உள்ளே வரும்படி வைக்கலாம். எழுதியவர் பெயரை மறைத்துவைத்து, குறித்த நாளில் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் திறந்துவிடவும் முடியும். ஒருவருக்கொருவர் கதை எழுதிப் பரிசளிக்கும் பரிமாற்றம் நடத்தியவர்களுக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்று தெரியும்.

டேக் விஷயத்தில்தான் அதன் உழைப்பு தெரியும். ஒருவர் ‘மாற்று உலகம்’ என்று போடுவார், இன்னொருவர் ‘மாற்றுலகம்’ என்று சேர்த்து எழுதுவார், மூன்றாமவர் அதையே ஆங்கிலத்தில் ‘ஏயூ’ (ஆல்டர்நேட் யுனிவர்ஸ்) என்று சுருக்குவார். சாதாரணத் தளத்தில் இவை மூன்று தனி டேக்குகள். ஒன்றில் தேடினால் மற்ற இரண்டு கிடைக்காது. ஏஓ3-ல் இப்படிப் பிரிந்து கிடப்பவற்றைத் தன்னார்வலர்கள் பின்னணியில் உட்கார்ந்து கோத்துவைக்கிறார்கள். எழுதுபவர் தன் இஷ்டப்படி எழுதலாம், தேடுபவருக்கு எல்லாமும் கிடைக்கும். சொந்தத் தளத்தில் இந்த வேலை நம் தலையில்தான். அதனால் அங்கே பாத்திரம், ஜோடி, வயது வரம்பு, எச்சரிக்கை ஆகிய நாலுக்கும் நிலையான பட்டியல் வைத்துவிட்டு, மீதியை அவரவர் விருப்பத்துக்கு விடுவது நல்லது.

ஆனால் ஓவியத்துக்கு வந்தால் ஏஓ3 கைவிரித்துவிடுகிறது. படக் கோப்பை அங்கே ஏற்ற முடியாது. வேறெங்கோ ஏற்றி, அந்த முகவரியைப் பக்கத்தில் பொருத்த வேண்டும். காரணம் புரிந்துகொள்ளக்கூடியதே. எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட் பிடித்தாலும், ஒரு லட்சம் சொல் கொண்ட நாவல் ஏறக்குறைய 3 எம்பிதான். ஏ4 அளவில், அங்குலத்துக்கு 300 பிக்சல் என்று வரைந்த ஒற்றை ஓவியம் 2480-க்கு 3508 பிக்சல். சுருக்காமல் வைத்தால் 26 எம்பி. இந்தக் கணக்குதான் எல்லாத் திட்டத்தையும் கவிழ்க்கிறது.

வெளியே ஏற்றிய படத்துக்கு என்ன ஆகும் என்பதற்கு ஃபோட்டோபக்கெட் என்ற படச் சேமிப்புத் தளத்தைப் பார்த்தால் போதும். 2017-ல் அது, படங்களைப் பிற தளங்களில் காட்ட ஆண்டுக்கு 399.99 டாலர் கட்டச் சொன்னது. கட்டாதவர்களின் படம் இருந்த இடத்தில் கணக்கைப் புதுப்பிக்கச் சொல்லும் அறிவிப்பு வந்து உட்கார்ந்தது. கதை அப்படியே இருக்கிறது, நடுவில் ஓவியம் இருந்த இடத்தில் விளம்பரம்! 2023-ல் அதே மாதிரித் தளமான இம்கரும் கணக்கில்லாமல் ஏற்றிய பழைய படங்களை நீக்கத் தொடங்கியது.

ஓவியர்களுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. பலர் ஆர்டர் எடுத்து வரைந்து சம்பாதிக்கிறார்கள். ஏஓ3-ல் வணிக விளம்பரத்துக்கு இடமில்லை. ‘ஆர்டர் தரலாம்’, ‘டிப் அனுப்பலாம்’ என்ற இணைப்புகூடக் கூடாது. எழுத்தாளருக்கு இது பெரிதாகத் தெரியாது. ஓவியருக்கு வயிற்றுப்பாடு.

சரி, அதே மென்பொருளைச் சொந்தமாக நிறுவினால்? திறந்த மூலம்தான், யாரும் எடுத்து ஓட்டலாம். ஸ்குவிட்ஜ்வேர்ல்ட் என்ற ரசிகர் காப்பகம் அப்படித்தான் ஓடுகிறது. ஆனால் ரூபி ஆன் ரெயில்ஸ், மைஎஸ்க்யூஎல், ரெடிஸ், எலாஸ்டிக்சர்ச் என்ற பின்னணி மென்பொருள்கள் எல்லாம் ஒரே நேரத்தில் ஓட வேண்டும். பலர் ஒரே சர்வரைப் பகிர்ந்துகொள்ளும் மலிவான ஹோஸ்டிங்கில் இது நடக்காது. சர்வர் பராமரிப்பையே தொழிலாகச் செய்பவர்கள் இரண்டு பேராவது குழுவில் இருந்தால் யோசியுங்கள். ஒருவர் மட்டும் என்றால் அவருக்கு வேலை மாறும் நாளில் காப்பகமும் நின்றுவிடும். இத்தனை பாடுபட்ட பிறகும் படப் பிரச்சினை அப்படியேதான் இருக்கும், அதற்குத் தனி ஏற்பாடு செய்தாக வேண்டும்.

மூன்றாவது வழியான எளிய பக்கங்கள் படத்துக்குப் பொருந்துகிற அளவுக்குக் கதைக்குப் பொருந்துவதில்லை. டேட்டாபேஸ் இல்லாததால் கெட்டுப்போக அதிகம் இல்லை. முழுத் தளத்தையும் ஒரு பென்டிரைவில் நகலெடுக்கலாம். ஹோஸ்டிங் சரியில்லையென்றால் இன்னொன்றுக்கு மாற்ற ஒரு மாலை போதும். பார்வைக்கு 1600 பிக்சல் அகலத்தில் ஒரு பிரதி, பட்டியலுக்குச் சின்ன முன்னோட்டம், மூலக் கோப்பு தளத்துக்கு வெளியே தனி பேக்கப்பில் என்று வைத்தால் செலவும் கட்டுக்குள் இருக்கும். குறை எங்கே என்றால், வாசகர் கருத்துக்கு வழியில்லை. ஃபேன்ஃபிக் எழுதுபவருக்குக் காசு கிடையாது, கருத்துதான் கூலி. அதைப் பறித்துக்கொண்டால் அடுத்த அத்தியாயம் வராது. அப்புறம், புதிய படைப்பு ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் கையால் ஏற்ற வேண்டும். கணக்கு வைத்திருப்பவருக்கு மட்டும் காட்டும் வசதியும் எளிதில் கிடைக்காது, ஏஓ3-ல் அது ஒரு டிக் மார்க்தான். ஏஐ பயிற்சிக்காகப் படங்களை அள்ளுகிறார்களே என்று கவலைப்படும் ஓவியர்களிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

ஆகவே என் தேர்வு கலப்புதான்: கதைகள் ஏஓ3 தொகுப்பில், ஓவியங்கள் குழுவின் சொந்த டொமைனில் (குழு பெயரில் பதிந்த இணைய முகவரியில்) எளிய பக்கங்களாக. கதைக்குள் வரும் படங்களின் முகவரியும் அந்த டொமைனையே காட்டட்டும். ஹோஸ்டிங் எத்தனை முறை மாறினாலும் முகவரி உடையாது. டொமைனை ஒருவர் பெயரில் பதிந்தாலும் கடவுச்சொல்லும் புதுப்பிக்கும் பொறுப்பும் இருவரிடம் இருக்க வேண்டும். ஏஓ3 தொகுப்புக்கும் இரண்டு பொறுப்பாளர்களைப் போட்டுவிடுங்கள். தொகுப்பு முழுவதையும் இறக்க அங்கே ஒரே பொத்தான் இல்லை, ஆகவே புதிய கதை சேரும்போதே இபப் ஒன்றை எடுத்துவைப்பது பழக்கமாக வேண்டும்.

கலப்பில் ஒரு சிக்கல் வரும், அதை ஆரம்பத்திலேயே பேசிவிடுவது நல்லது. பிக் பேங் போன்ற சவால்களில் ஒருவர் நெடுங்கதை எழுத, இன்னொருவர் அதற்கு வரைவார். பிறகு எழுதியவர் விலக நினைத்தால் ஏஓ3-ல் இரண்டு வாய்ப்புகள்: அழித்துவிடலாம், அல்லது தன் பெயரை மட்டும் கழற்றிவிட்டுக் கதையை அங்கேயே விட்டுப்போகலாம். பெயரைக் கழற்றினால் திரும்ப ஒட்ட முடியாது, ஆனால் கதையும் கருத்துகளும் தப்பும். ஓவியத் தளத்திலும் இதே இரண்டு வாய்ப்புகளை விதியாக எழுதிவைக்கலாம். கதை போனாலும் ஓவியம் நிற்குமா என்பதை ஓவியர் முடிவு செய்யட்டும், ஏற்றும்போதே கேட்டு வாங்கிவிடுங்கள்.

ஓவியர்களே பெரும்பான்மையாக இருந்து, கதைகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும் குழுவுக்கு இந்தக் கலப்புகூடத் தேவையில்லை. சொந்தப் பக்கங்களே போதும், கதைகளை இபப் கோப்பாக அதிலேயே தொங்கவிடலாம்.