கேக்டஸ் ‘பூ ஊக்கி’ திரவ உரம்: 5-க்கு 2 நட்சத்திரம்

கேக்டஸ் வாங்கி வருஷக்கணக்கில் ஆகியும் ஒரு மொட்டுகூட எட்டிப் பார்க்கவில்லை என்று புலம்புகிறவர்களைக் குறிவைத்தே ஆன்லைனில் இந்த மாதிரி பாட்டில்கள் வரிசைகட்டி வருகின்றன. நான் வாங்கியது 250 மில்லி, விலை 300 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். கம்பெனி பெயர் வேண்டாம், வெவ்வேறு பெயரில் விற்பதெல்லாம் எனக்கு ஒரே சரக்கு மாதிரிதான் தெரிகிறது.

முதலில் லேபிள். உரம் என்றால் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து எவ்வளவு என்று மூன்று எண்கள் இருக்க வேண்டும். இதில் இல்லை. ‘இயற்கை ஊட்டம், கடற்பாசிச் சாறு’, அவ்வளவுதான். அட்டைப் படத்தில் கேக்டஸின் உச்சியில் உட்கார்ந்திருப்பது அதன் பூவே இல்லை, காகிதம் போல மொடமொடவென்று இருக்கும் உலர்ந்த ஹெலிகிரைசம் பூவைப் பசை வைத்து ஒட்டியது. நர்சரிகளிலும் இப்படி ஒட்டி விற்கிறார்கள், மாதக்கணக்கில் வாடாமல் இருந்தால் சந்தேகப்படுங்கள். பூக்க வைக்கும் உரத்துக்கே ஒட்டுப்பூவா விளம்பரம்!

சரி, வேலை செய்கிறதா? என்னிடம் இருப்பவை பெரும்பாலும் மாமில்லேரியா என்கிற சின்ன உருண்டைக் கேக்டஸ் வகை, வீடு சென்னையில், பால்கனி கிழக்குப் பார்த்தது. சிலவற்றுக்கு ஊற்றினேன், சிலவற்றை அப்படியே விட்டேன். ஹாலில் டிவி பக்கத்தில் இருந்த செடி, சொன்ன அளவைத் தவறாமல் குடித்தும், வெளிறிக் கழுத்து நீண்டதோடு சரி. பால்கனிச் சுவர் மேல் காலை வெயிலில் இருந்தவையோ, உரம் குடித்ததும் குடிக்காததும், பிப்ரவரிக் கடைசியில் உச்சியைச் சுற்றி வளையமாக ரோஸ் நிறத்தில் பூத்துவிட்டன. குடித்ததில் பூ அதிகம் என்று மனசாட்சியோடு சொல்ல முடியாது.

காரணம் செடியிலேயே இருக்கிறது. மாமில்லேரியா பொதுவாகப் போன பருவத்தில் வளர்ந்த முகடுகளின் இடுக்கிலிருந்துதான் பூவிடும். ஆக, போன வருஷம் நல்ல வெயிலில் வளர்ந்திருந்தால்தான் இந்த வருஷம் பூ. (நிழலில் இருந்ததைத் திடீரென்று ஏப்ரல் வெயிலில் தூக்கி வைக்காதீர்கள், வெந்துபோகும். கொஞ்ச நாள் பச்சை வலைக்குக் கீழே பழக்குங்கள்.) அடுத்தது ஓய்வு. இந்த இனத்தில் பெரும்பாலானவற்றுக்குச் சொந்த மண்ணான மெக்சிகோவில் குளிரும் வறட்சியும் சேர்ந்தே வரும், அப்போது செடி வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும். நமக்கோ அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை. ஊட்டி, கொடைக்கானல், பெங்களூர்க்காரர்களுக்குக் குளிராவது இலவசமாகக் கிடைக்கிறது, சென்னையில் ஜனவரி ராத்திரிகூட 20 டிகிரி பக்கம்தான். குளிர் கொடுக்க முடியாது, வறட்சி கொடுக்கலாம். மழை படாத, ஆனால் வெயில் விழும் இடத்துக்கு நகர்த்தி, நவம்பர் பாதியிலிருந்து தண்ணீரை அநேகமாக நிறுத்திவிட்டேன். உடம்பு லேசாகச் சுருங்கும், பயப்பட வேண்டாம், மொட்டு தெரிந்ததும் மெல்லத் தண்ணீர் தொடங்கினால் பழையபடி உப்பிவிடும்.

என் கோபமே இங்கேதான். பாட்டிலில் 15 நாளைக்கு ஒருமுறை, வருஷம் முழுக்க ஊற்றச் சொல்கிறார்கள். டிசம்பரிலுமா? நர்சரியிலிருந்து வந்த கோகோபீட்டிலேயே (ஈரத்தைப் பிடித்து வைக்கும் தேங்காய் நார்த்தூள்) இருக்கும் செடிக்கு அப்படி ஊற்றினால் பூ வருவதற்கு முன்னால் வேர் அழுகல் வந்துவிடும். வாங்கினதும் அந்தக் கோகோபீட்டை உதிர்த்துவிட்டு, மணலும் பெர்லைட்டும் (தண்ணீரை வடியவிடும் லேசான வெள்ளைக் குறுணை) பாதிக்கு மேல் இருக்கிற கலவையில் சின்ன மண் தொட்டிக்கு மாற்றுவது இந்த உரத்தை விட எத்தனையோ மேல்.

‘எல்லா கேக்டஸுக்கும்’ என்று வேறு போட்டிருக்கிறது. கோல்டன் பேரல் ஓர் அடிக்கு மேல் குண்டாகும் வரை பொதுவாகப் பூக்காது, அதற்குப் பத்துப் பதினைந்து வருஷத்துக்கு மேலும் ஆகலாம், எந்தத் திரவமும் அதை அவசரப்படுத்தப் போவதில்லை. நம் வீடுகளில் பிரம்ம கமலம் என்று வளர்க்கிற, ராத்திரியில் பூக்கும் செடியும் கேக்டஸ்தான், ஆனால் அது காட்டில் மரத்தின் மேல் வளர்கிற வகை, வடிகட்டின வெயிலும் கொஞ்சம் ஈரமும் கேட்கும். இரண்டுக்கும் ஒரே அளவு எப்படி?

உரமே வேண்டாம் என்று சொல்லவில்லை. உரக்கடையில் 0:52:34 என்று கேளுங்கள், ஏறக்குறைய இதே காசுக்குக் கிலோ பாக்கெட் கிடைக்கும், தழைச்சத்து துளியும் கிடையாது. லிட்டருக்கு 1 கிராம், செடி வளர்கிற மாதங்களில் மட்டும் மாதம் ஒருமுறை, போதும். 19:19:19 மாதிரி சரிசமமானதை அடிக்கடி கொடுத்தால் செடி கொழுகொழுவென்று ஊதும், அப்புறம் சீக்கிரம் அழுகும்.

அந்த 2 நட்சத்திரம், நாற்றம் இல்லாததற்கும் மூடியிலேயே அளவுக்கோடு போட்டதற்கும். மிச்சத்தைச் செம்பருத்திக்கு ஊற்றிக்கொண்டிருக்கிறேன், அது எதைக் கொடுத்தாலும் பூக்கும்.