பேங்க் ஷேருக்கு இந்த ஸ்க்ரீனர் ஆப் காட்டுற பிஇ-ய நம்பலாமா? ஒன்றரை வருஷம் யூஸ் பண்ணிட்டு எழுதறேன்

ஒன்றரை வருஷமா சந்தா கட்டி யூஸ் பண்ணிட்டு இருக்கற ஒரு ஸ்டாக் ஸ்க்ரீனர் ஆப் (ஷேர்களை வடிகட்டித் தேடற ஆப்) பத்தின ரிவ்யூ இது. பேர் போடல, ஏன்னா நான் சொல்லப்போற குறை இந்த ஒரு ஆப்ல மட்டும் இல்ல, ட்ரையல்ல பார்த்த இன்னும் ரெண்டு மூணு ஆப்லயும் அச்சு அசலா இதேதான் இருந்துச்சு. சோப்பு கம்பெனி, சாஃப்ட்வேர் கம்பெனி, மருந்து கம்பெனி இதுக்கெல்லாம் நல்ல ஆப்னு தயங்காம சொல்வேன். பேங்க் ஷேர் பக்கம் வந்தா மட்டும் அது காட்டுற பிஇ நம்பரை (ஷேர் விலையை ஒரு ஷேருக்கான லாபத்தால வகுத்தா வர்றது) அப்படியே எடுத்துக்கிட்டு வாங்கப் போனா கையை சுட்டுக்கும், எனக்கு நல்லாவே சுட்டுது, அதனாலதான் இவ்வளவு நீளமா எழுதறேன்.

நல்லதை முதல்ல சொல்லிடறேன். ரிசல்ட் வந்த அன்னிக்கு ராத்திரியே நம்பர் அப்டேட் ஆயிடுது. 10 வருஷ பிஇ சார்ட் ஒரே ஸ்க்ரீன்ல வருது, நடுவுல மீடியன் (நடு மதிப்பு) கோடு போட்டு காட்டறாங்க, அதே துறையில இருக்கற மத்த கம்பெனிகளோட பக்கத்துல பக்கத்துல வச்சு பார்க்கலாம். விளம்பரம் கிடையாது. ஃபில்டர் போட்டு சேவ் பண்ணி வச்சா காலையில நோட்டிஃபிகேஷன் வந்துடும். இதுல எதுலயும் எனக்கு குறை இல்ல.

பிரச்சனை அந்த பச்சை லேபிள்தான். துறையோட மீடியன் பிஇ-ய விட கம்மியா இருந்தா ஷேர் பேருக்குக் கீழ பச்சை கலர்ல 'மலிவு'ன்னு ஒரு சின்ன பட்டை வரும், அதிகமா இருந்தா சிவப்பு. ஆரம்பிச்ச மூணாவது மாசம் ஒரு பேங்க் ஷேர் 5.8 பிஇ-ல பச்சையா நின்னுச்சு, துறை மீடியன் 11 கிட்ட. ஈபிஎஸ் (ஒரு ஷேருக்கான லாபம்) மூணு வருஷமா ஏறிட்டே இருந்துச்சு, டிவிடெண்டும் இருந்துச்சு, சரி பாதி விலைக்கு கிடைக்குதேன்னு வாங்கிட்டேன். ரெண்டு குவார்ட்டர் கழிச்சு பேங்க் பெரிய தொகையை வாராக்கடனுக்கு ப்ரொவிஷன் போட்டு, அதாவது லாபத்துல இருந்து ஒதுக்கி வச்சு, நஷ்டம் காட்டுச்சு, ஷேர் கிட்டத்தட்ட 40% இறங்கிடுச்சு. அன்னிக்கு ராத்திரி ஆப்பை திறந்தா பிஇ கட்டத்துல நம்பரே இல்ல, ஒரு சின்ன கோடு மட்டும் இருந்துச்சு. நஷ்டம் வந்தா பிஇ கிடையாது இல்லையா, அதனால பச்சைப் பட்டையும் போயிடுச்சு, சிவப்பும் வரல. நான் எதை நம்பி வாங்கினேனோ அந்த நம்பரே காணாம போயிடுச்சு.

அதுக்கப்புறம்தான் அந்த பேங்க்கோட வருடாந்திர அறிக்கையை எடுத்து உக்காந்து படிச்சேன். நான் வாங்கறதுக்கு முன்னாடியே வெளிவந்த அறிக்கைதான் அது. கடன்களை ஸ்டேஜ் வாரியா பிரிச்சுக் காட்டற டேபிள்ல, ரெண்டாவது ஸ்டேஜ் கடன் ஒரே வருஷத்துல ரெண்டு மடங்குக்கு மேல ஏறியிருந்துச்சு. ஐஎஃப்ஆர்எஸ் 9-ங்கற சர்வதேச கணக்கு முறை 2018 ஜனவரி 1-ல இருந்து நடைமுறையில இருக்கு, அதுல கடனை மூணா பிரிப்பாங்க, ஒழுங்கா வந்துட்டு இருக்கறது முதல் ஸ்டேஜ், கொடுத்தப்ப இருந்ததை விட ரிஸ்க் கணிசமா கூடிப்போனது ரெண்டாவது, ஏற்கனவே கெட்டுப்போனது மூணாவது. ரெண்டாவதுக்கு நகர்ந்துட்டா அந்த கடனோட ஆயுசு முழுக்க வரக்கூடிய நஷ்டத்தை கணிச்சு ஒதுக்கணும். ஆக எச்சரிக்கை மணி அறிக்கையில அடிச்சிட்டுதான் இருந்துச்சு, ஆப்ல அந்த டேபிளுக்கு ஒரு ஓரத்துல கூட இடம் இல்ல.

இது ஏன் பேங்க்குக்கு மட்டும் இவ்வளவு பெருசாகுதுன்னு கேட்டா, சோப்பு விக்கிற கம்பெனிக்கு சோப்பு வித்துச்சா, காசு வந்துச்சா, கணக்கு ஏறக்குறைய முடிஞ்சுது. பேங்க் இன்னிக்கு 20 வருஷத்துக்கு கடன் கொடுக்குது, வட்டியை இந்த வருஷமே வருமானத்துல சேர்க்குது, அசல் முழுசா திரும்புமான்னு தெரிய பல வருஷம் ஆகும். நடுவுல எவ்வளவு வராம போகும்னு மேனேஜ்மென்ட் ஒரு கணிப்பு போட்டு அதை லாபத்துல இருந்து கழிக்கறாங்க. அதனால பேங்க்கோட பிஇ-ல கீழ இருக்கற 'இ', அதாவது லாபம், பாதி நிஜம், பாதி கணிப்பு. அந்த கணிப்பு கொஞ்சம் தாராளமா இருந்தா லாபம் பளபளன்னு தெரியும், பிஇ தானா இறங்கிடும்.

ஒரு கணக்கு போட்டுக் காட்டறேன், பேப்பர் பேனா எடுத்துக்கிட்டா நல்லது. ஒரு பேங்க்கோட மொத்த சொத்து 1000, அதுல கடன் 700, பங்குதாரர் மூலதனம் 80. ப்ரொவிஷனுக்கு முந்தின லாபம் 15.4, ப்ரொவிஷன் 2.1, மிச்சம் 13.3, அதுல 25% வரி போக கையில கிட்டத்தட்ட 10. மார்க்கெட் கேப், அதாவது எல்லா ஷேரோட மொத்த சந்தை விலை, 60. பிஇ 6, பிரைஸ் டு புக் (மார்க்கெட் கேப்பை புக் வேல்யூவால, அதாவது பங்குதாரர் மூலதனத்தால வகுத்தது) 0.75, ஆப்ல பச்சைப் பட்டை. இப்போ கடன்ல 4%, அதாவது 28 கெட்டுப்போயிருக்கு, அதுக்கு 30% மட்டும், அதாவது 8.4 ஒதுக்கி வச்சிருக்காங்கன்னு வைங்க. நியாயமா 70% ஒதுக்கணும்னா 19.6 வேணும், பாக்கி 11.2. அதை இந்த வருஷமே போட்டா வரிக்கு முந்தின லாபம் 13.3-ல இருந்து 2.1 ஆகிடும், வரி போக 1.6. அதே 60 விலையில பிஇ 38! கடன் அதே கடன், கிளை அதே கிளை, விலையும் மாறல. புக் வேல்யூ பக்கம் பார்த்தா 80-ல இருந்து வரி போக ஒரு 8.4 குறைஞ்சு 71.6 ஆகும், பிரைஸ் டு புக் 0.75-ல இருந்து 0.84. இதனாலதான் பேங்க் ஷேர் பார்க்கறவங்க புக் வேல்யூவை கையில பிடிச்சுக்கிட்டே பிஇ-ய பார்க்கறாங்க. புக்கும் அதே கணிப்புல ஆடத்தான் செய்யும், ஆனா இந்த அளவுக்கு ஆடாது.

இதோட தலைகீழ் கேஸும் உண்டு, அதுல ஆப் நம்மள வாங்க விடாம தடுத்துடும். 2020 கொரோனா சமயத்துல பெரிய பேங்க்குங்க எல்லாம் பயந்து ப்ரொவிஷனை அள்ளி வச்சாங்க, நினைச்ச அளவு கடன் கெடல, 2021-ல அதுல ஒரு பங்கை திரும்ப லாபத்துக்கே விட்டாங்க. அமெரிக்க பேங்க் ஜேபி மார்கன் சேஸோட நிகர லாபம் 2020-ல 29.1 பில்லியன் டாலர், 2021-ல 48.3, 2022-ல 37.7. ஒரே வருஷத்துல 66% ஏறி அடுத்த வருஷம் 22% இறங்கியிருக்கு. அந்த பேங்க் நிஜமாவே ஒரு வருஷத்துல அவ்வளவு பெருசாகி அடுத்த வருஷம் அவ்வளவு சின்னதாகிடுச்சா என்ன? கடந்த 12 மாச லாபத்தை வச்சு மட்டும் பிஇ போட்டா, பயம் உச்சத்துல இருக்கறப்ப ஷேர் காஸ்ட்லியா தெரியும், ப்ரொவிஷன் திரும்பி வர்றப்ப மலிவா தெரியும். பல சமயம் வாங்க வேண்டிய நேரம் நேர் எதிரா இருக்கும்.

இன்னொன்னு இதை விட மோசம். 2023 மார்ச்ல ஸ்விஸ் பேங்க் யூபிஎஸ், இன்னொரு ஸ்விஸ் பேங்க்கான கிரெடிட் சூயிஸை புக் வேல்யூவோட ஒப்பிட்டா ரொம்ப கம்மி விலைக்கு எடுத்துச்சு, ஜூன்ல டீல் முடிஞ்சுது. கொடுத்த விலைக்கும் கிடைச்ச சொத்து மதிப்புக்கும் உள்ள வித்தியாசத்தை கணக்கு விதிப்படி அந்த குவார்ட்டர் லாபத்துலயே காட்டணும், கிட்டத்தட்ட 29 பில்லியன் டாலர். வியாபாரத்துல சம்பாதிச்ச காசு இல்ல அது, ஒரே ஒரு தடவை வர்ற கணக்கு வரவு. இந்த ஆப்ல பழைய சார்ட்டை இழுத்துப் பார்த்தீங்கன்னா அந்த நாலு குவார்ட்டர்லயும் யூபிஎஸ் பிஇ பள்ளத்துல விழுந்து கிடக்கும், பச்சைப் பட்டை வேற. அந்த குவார்ட்டர் 12 மாச கணக்கை விட்டு வெளிய போனதும் பிஇ சர்ருனு ஏறிடும். ஒன்-டைம் லாபத்தை கழிச்சு பார்க்க ஒரு பட்டன் வச்சா போதும், வைக்கல.

அமெரிக்காவோட சிலிக்கான் வேலி பேங்க் கேஸ்ல பிஇ சரியாவே கணக்கு போட்டிருந்தாலும் ஒண்ணும் தெரிஞ்சிருக்காது. 2022-ல அது லாபத்துலதான் இருந்துச்சு. ஆனா முதிர்வு வரைக்கும் வச்சிருப்போம்னு ஒதுக்கி வச்ச பாண்டுங்கள்ல, வட்டி விகிதம் ஏறி பாண்டு விலை இறங்கினதால, 2022 கடைசியில 15 பில்லியன் டாலர் அளவுக்கு காட்டாத நஷ்டம் உள்ள உக்காந்திருந்துச்சு, பங்குதாரர் மூலதனமே மொத்தம் 16 பில்லியன் சொச்சம்தான். 2023 மார்ச் 9 ஒரே நாள்ல 42 பில்லியன் டாலர் டெபாசிட்டை எடுக்க வந்தாங்க, மறுநாள் பேங்க்கை மூடிட்டாங்க. அந்த வகை பாண்டு நஷ்டம் லாப நஷ்டக் கணக்குக்கே வராது, அறிக்கையோட குறிப்புகள்லதான் இருக்கும், அப்புறம் பிஇ-ல எப்படி வரும்.

ஆப்ல பேங்க் பக்கத்துக்குன்னு தனியா யோசிக்கவே இல்லைங்கறதுக்கு இன்னொரு அத்தாட்சி, கடன்-மூலதன விகிதம் 11-ன்னு சிவப்புல கொட்டை எழுத்துல காட்டுது, எபிட்டா (வட்டி, வரி, தேய்மானம் கழிக்கறதுக்கு முந்தின லாபம்) வச்சு மதிப்பும் போடுது. பேங்க்குக்கு டெபாசிட்தான் கச்சாப்பொருள், வட்டிதான் அதோட கொள்முதல் விலை, அதை கழிக்காம ஒரு லாபத்தை எடுத்து வச்சா அதுக்கு அர்த்தமே இல்ல. முதிர்வு தேதியே இல்லாத நிரந்தர பாண்டுக்கு கொடுக்கற வட்டியை ஈபிஎஸ்-ல கழிச்சாங்களா இல்லையான்னும் எங்கயும் போடல. கணக்கு முறை வித்தியாசத்தையும் சொல்றதில்ல, அமெரிக்க முறையில கடன் கொடுத்த அன்னிக்கே ஆயுசு முழுக்க வரக்கூடிய நஷ்டத்தை கணிச்சு எடுத்து வைக்கணும், ஐஎஃப்ஆர்எஸ்-ல முதல் ஸ்டேஜ்ல அடுத்த 12 மாசத்துல கெடக்கூடியதுக்கு மட்டும் எடுத்தா போதும், ரெண்டு பக்க பேங்க்கோட பிஇ-யையும் ஒரே வரிசையில அடுக்கி மீடியன் எடுத்தா என்ன வரும்?

அப்போ பிஇ வேண்டவே வேண்டாமான்னு கேட்டா, வேணும்னுதான் சொல்வேன். ஆர்ஓஇ-ய, அதாவது பங்குதாரர் மூலதனத்துல லாபம் எத்தனை சதவீதம்ங்கறதை, பக்கத்துல வச்சா அது நல்லா பேசும். பிஇ-யை ஆர்ஓஇ-ஆல பெருக்கினா பிரைஸ் டு புக் வந்துடும், மேல சொன்ன பேங்க்ல 6-ஐ 12.5%-ஆல பெருக்கிப் பாருங்க, அதே 0.75. இது ஏன் முக்கியம்னா பேங்க் வளரணும்னா மூலதனமும் கூடவே வளரணும், விதியே அப்படி. பிஇ 10-ல ரெண்டு பேங்க் இருக்கு, ஒண்ணு ஆர்ஓஇ 16%, இன்னொண்ணு 8%, ரெண்டும் வருஷம் 12% கடன் வளர்ச்சி வேணும்னு சொல்றாங்க. முதல் பேங்க் லாபத்துல முக்காவாசியை உள்ள போட்டு வளர்ந்துட்டு கால்வாசியை டிவிடெண்டா கொடுக்கலாம். ரெண்டாவது பேங்க் மொத்த லாபத்தையும் உள்ள போட்டாலும் மூலதனம் 8%-தான் வளரும், மிச்சத்துக்கு புது ஷேர் வித்தே ஆகணும், அதுவும் புக்குக்கு கீழ வித்தா பழைய ஷேர்ஹோல்டர் பங்கு கரையும். ஆப்ல ரெண்டுக்கும் ஒரே கலர் பட்டை.

இப்போ நான் ஆப்பை யூஸ் பண்ற விதமே மாறிப்போச்சு. பிஇ ஃபில்டரை போட்டு லிஸ்ட் மட்டும் எடுத்துக்கறேன், அப்புறம் ஒவ்வொரு பேங்க்குக்கும் அறிக்கையில இருந்து 7, 8 வருஷ ப்ரொவிஷனை எடுத்து கடனுக்கு எத்தனை சதவீதம்னு சராசரி போடறேன். அதே உதாரண பேங்க்ல இந்த வருஷ ப்ரொவிஷன் கடன்ல 0.3%, நீண்ட சராசரி 1%-ன்னு வைங்க, 2.1-க்கு பதிலா 7 கழிக்கணும், வரி போக லாபம் 6.3, பிஇ 6 இல்ல, 9.5. இந்த 9.5-தான் நான் நம்பற நம்பர். கெட்ட வருஷத்துல இதே வேலையை பண்ணா நம்பர் இறங்கும், அப்போ சிவப்புப் பட்டை ஷேரையும் தைரியமா பார்க்க முடியுது. அப்புறம் ரெண்டாவது ஸ்டேஜ் கடன், வாராக்கடனுக்கு ஒதுக்கின விகிதம், காட்டாத பாண்டு நஷ்டம் மூணையும் பார்த்துட்டுதான் விலைக்கே வர்றேன். ஒரு பேங்க்குக்கு ஒரு சாயங்காலம் போயிடுது, போகட்டும்.

சப்போர்ட்டுக்கு இதெல்லாம் விரிவா மெயில் போட்டேன், யூபிஎஸ் சார்ட் ஸ்க்ரீன்ஷாட்டோட. ரெண்டு நாள்ல மரியாதையா பதில் வந்துச்சு, பேங்க்குங்களுக்கு ப்ரொவிஷனை காட்ட தனியா ஒரு கட்டம் சேர்க்கறதா சொன்னாங்க. அடுத்த அப்டேட்ல துணை கம்பெனிகளை சேர்த்த கணக்கு, தனிக் கணக்குன்னு மாத்தி பார்க்க ஒரு பட்டன் வந்துச்சு, இன்ஷூரன்ஸ் கம்பெனியெல்லாம் கீழ வச்சிருக்கற பேங்க்குங்களுக்கு அது ரொம்ப உதவி, அதுக்கு நன்றி. ப்ரொவிஷன் கட்டம் மட்டும் இன்னும் வரல.

பொதுவா ஷேர் தேட 5-க்கு 4 ஸ்டார். பேங்க் ஷேருக்கு 2, அதுவும் அந்த 10 வருஷ சார்ட்டுக்காக. பேங்க் மட்டும்தான் பார்ப்பேங்கறவங்க காசு கட்ட வேண்டாம், இலவச வெர்ஷனும் பேங்க்கோட வருடாந்திர அறிக்கையுமே போதும். என் சந்தா முடிய இன்னும் மூணு மாசம் இருக்கு, அதுக்குள்ள அந்த ப்ரொவிஷன் கட்டம் வந்துச்சுன்னா இந்த ரிவ்யூவை மாத்தி எழுதறேன்.