தவக்காலச் சிந்தனைக் கையேடு 2026: சிலுவைப் பாதைக்காக வாங்கலாம்

கத்தோலிக்கக் கோவில் வாசல் புத்தகக் கடைகளில் கிடைக்கும் பாக்கெட் கையேடுகளில் ஒன்று இது. 112 பக்கம். நாளுக்கு இரண்டு பக்கம்: வாசகக் குறிப்பு, சிந்தனை, செபம், ஒரு செயல். அட்டையில் ‘40 நாள்’ என்று பெரிதாகப் போட்டிருக்கிறார்கள். கோளாறே அந்த எண்ணில்தான்.

தவக்காலம், அதாவது ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலம், தொடங்கும் திருநீற்றுப் புதன் பிப்ரவரி 18. அன்றிலிருந்து புனித சனி, ஏப்ரல் 4 வரை 46 நாள். ஆறு ஞாயிறுகளைக் கழித்தால்தான் 40 வரும். ஞாயிறு ஆண்டவர் உயிர்த்த நாள், அன்று ஒருசந்தி (உணவைக் குறைக்கும் நோன்பு) இல்லை. தொகுத்தவர்கள் ஞாயிறையும் சேர்த்தே எண்ணியிருக்கிறார்கள். அதனால் மார்ச் 29, குருத்தோலை ஞாயிறோடு கணக்கு முடிந்துவிடுகிறது. ஈஸ்டருக்கு முந்தைய கடைசி வாரமான பெரிய வாரத்துக்குப் பக்கமே கிடையாது. பந்தியில் உட்காரவைத்து, சோறு வருமுன் இலையை எடுத்த மாதிரி.

வாங்கியவர்கள் விடுபட்ட அந்த வாரத்தின் நற்செய்தி வாசகங்களைப் பின்னட்டையில் எழுதிக்கொள்ளலாம்: திங்கள் யோவான் 12:1-11, செவ்வாய் யோவான் 13:21-33, 36-38, புதன் மத்தேயு 26:14-25, வியாழன் மாலை யோவான் 13:1-15, வெள்ளி யோவான் 18, 19 அதிகாரங்கள். சனி பகலில் திருப்பலி இல்லை.

சிந்தனைகள் ஏற்ற இறக்கம். திருநீற்றுப் புதனை அடுத்த வெள்ளிக்கு எசாயா 58. அங்கே ‘இன்று விட்ட டீ, வடைக் காசை உண்டியலில் போடு’ என்கிறது. நோன்பையும் பசித்தவனையும் ஒரே வரியில் முடிச்சுப் போட்டுவிட்டது, அருமை. பல நாள்களில் ‘அன்பாய் இருப்போம்’ என்பதோடு சரி. யாரிடம், எப்போது, எப்படி? ஒன்றும் இல்லை.

ஒருசந்திப் பக்கத்தை அப்படியே நம்ப வேண்டாம். ‘18 முதல் 60 வரை’ என்று அச்சாகியிருக்கிறது. 59 நிறைந்ததுமே கடமை தீர்ந்தது. சுத்தபோசனம் (இறைச்சி தவிர்ப்பது) 14 நிறைந்தவர்களுக்கு, அதற்கு மேல்வயது வரம்பில்லை. இரண்டையும் குழப்பியிருக்கிறார்கள். கட்டாய ஒருசந்தி திருநீற்றுப் புதனும் புனித வெள்ளியும்தான்: ஒரு வேளை முழுச் சாப்பாடு, மற்ற இரு வேளையும் சேர்ந்து இன்னொரு முழுச் சாப்பாடு ஆகிவிடக் கூடாது. நற்செய்திக்கு முன் இரண்டு இடத்தில் ‘அல்லேலூயா’ வேறு! தவக்காலத்தில் அதைச் சொல்வதில்லை.

கடைசி 28 பக்கம் சிலுவைப் பாதை, இயேசுவின் பாடுகளை 14 நிலைகளாகத் தியானிக்கும் செபம். காசு கொடுப்பது இதற்குத்தான். ஒவ்வொரு நிலையும் இடப்பக்கம் தொடங்கி எதிர்ப்பக்கத்தில் முடிகிறது. ‘திவ்விய இயேசுவே’ என்று முழந்தாளிடும்போது பக்கம் புரட்ட வேண்டியதில்லை. மக்கள் பதில் தடித்த எழுத்தில், மங்கலான வெளிச்சத்திலும் தெரிகிறது. ஆனால் பசை பைண்டிங். ஒரு கையில் மெழுகுதிரி இருந்தால் புத்தகம் தானாக மூடிக்கொள்ளும். அழுத்தி விரித்தால் நடுப்பக்கங்கள் கழன்று வரும். தவக்காலத்தின் முதல் வெள்ளிக்கு முன்பே, இருபுறமும் பத்துப் பத்துப் பக்கமாக மெல்ல விரித்துப் பழக்கிவிடுங்கள். நூல் தையல் போட்டிருந்தால் இந்தப் பாடே இல்லை.

அடுத்த ஆண்டுக்கும் வைத்துக்கொள்ளலாம். தவக்கால வார நாள் வாசகங்கள் ஆண்டுதோறும் அவையேதான். தேதியை மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டும், 2027இல் திருநீற்றுப் புதன் பிப்ரவரி 10. ஞாயிறு வாசகங்கள் மூன்றாண்டுச் சுழற்சியில் இரண்டாம் ஆண்டுக்கு மாறும். சமாரியப் பெண், பார்வையற்றவர், இலாசர் ஆகிய மூன்று நற்செய்திப் பகுதிகளை மட்டும் எந்த ஆண்டிலும் வாசிக்க அனுமதி உண்டு.