குறிப்பு மாறும், பதில் தொடரும்: ஓர் அரங்க விளையாட்டின் மதிப்புரை

நாடகப் பட்டறைகளில் ஆடப்படும் அரங்க விளையாட்டுகளில், மாறும் குறிப்புகளுக்கேற்பக் கேள்விக்குப் பதில் சொல்லும் விளையாட்டு எனக்கு மிகவும் நெருக்கமானது. ஒருவர் நடுவில் அமர்கிறார். மற்றவர்கள் கேள்வி கேட்கிறார்கள். வெளியே நிற்பவர் ‘கோபம்’, ‘ரகசியம்’, ‘எண்பது வயது’ என்று குறிப்புக் கொடுக்க, அமர்ந்திருப்பவர் பேச்சை நிறுத்தாமல் அந்த நிலைக்கு மாற வேண்டும். இதற்கு எழுத்துப் பிரதியோ மேடைப் பொருளோ தேவையில்லை.

பலமுறை ஆடியும் நடத்தியும் பார்த்ததில் நான் கண்டது, குறிப்பு மாறினாலும் பதிலின் பொருள் மாறாதிருக்கும்போதுதான் இந்த விளையாட்டு நாடகமாகிறது என்பதே. ‘வீட்டுச் சாவி எங்கே?’ என்ற கேள்விக்குக் ‘கிணற்றில் விழுந்துவிட்டது’ என்று தயங்கிச் சொல்லத் தொடங்கியவர், ‘பெருமை’ என்ற குறிப்பு வந்ததும் சாவியை மறந்து தற்பெருமை பேசினால் காட்சி அங்கேயே அறுந்துபோகும். அதே சாவி கிணற்றில் விழுந்ததை அவர் பெருமையோடு சொல்லி முடித்தாரானால், அதை வேண்டுமென்றே போட்டாரா, யாருக்குப் பயந்து போட்டார் என்ற கதை தானாகவே பிறக்கும்.

குறிப்புக் கொடுப்பவரைப் பற்றித்தான் எனக்குக் குறை உண்டு. ஆட்டத்தை நிறுத்தாமல் வெளியிலிருந்து குரல்கொடுத்து வழிநடத்தும் முறையை அரங்க விளையாட்டுகளின் முன்னோடியான வயோலா ஸ்போலின் கையாண்டது, நடிகரின் கவனத்தைக் காட்சியில் நிலைநிறுத்துவதற்காக. நான் பார்த்த ஒரு சுற்றிலோ மூன்று நான்கு விநாடிக்கொருமுறை குறிப்பு மாறியதால், பதில் சொன்னவருக்கு மூச்சுவிடவும் இடமில்லாமல், எல்லாம் முகச்சேட்டையாக முடிந்தது. ஒரு குறிப்புக்கு இருபது விநாடியாவது கொடுத்து, வாக்கியத்தின் நடுவில் மாற்றினால் பலன் நிச்சயம்.

உணர்ச்சிப் பெயர்களைவிட உறவு நிலையைக் குறிக்கும் குறிப்புகளையே நான் பரிந்துரைப்பேன். நடிப்பில் உயர்வு தாழ்வு நிலைகளை ஆழ்ந்து ஆராய்ந்த கீத் ஜான்ஸ்டனின் வழியில், ‘கேட்பவர் உங்கள் முதலாளி’ என்றும், சற்று நேரத்தில் ‘இப்போது நீங்கள்தான் முதலாளி’ என்றும் சொன்னால், முதுகும் பார்வையும் குரலும் தாமாக மாறிவிடுகின்றன. ‘கோபம்’ என்றதும் பெரும்பாலோர் கத்துவதோடு நின்றுவிடுகிறார்கள்.

ஆம், இல்லை என்று முடிந்துவிடும் கேள்விகள் ஆட்டத்தை வறளச் செய்யும். ‘மூன்று நாளாக ஏன் தூங்கவில்லை?’ என்பதைப் போல ஒரு சேதியைச் சுமந்துவரும் கேள்வியும், அதை மறுக்காமல் ஏற்றுக்கொள்ளும் பதிலும் அமைந்தால் போதும். புதியவர்களுக்கு இரண்டே குறிப்புகளோடு தொடங்குவது நல்லது.

குறிப்பு வந்ததும் பதில் சொல்பவர் சற்று மௌனமானால் அதைத் தோல்வியாக எண்ணி அவசரப்படுத்தக் கூடாது. நான் கண்டதிலேயே சிறந்த சுற்றில், ‘துக்கம்’ என்ற குறிப்புக்குப் பின் ஒருவர் நெடுநேரம் தரையையே பார்த்திருந்தார். அடுத்த கேள்வியைக் கேட்க எங்களில் ஒருவருக்கும் வாய் வரவில்லை.