சேலம் அம்மாப்பேட்டை மொட்டை மாடியில் ஒரு கார்பன் ஃபைபர் கிட்

பார்சலைப் பிரித்ததும் முதலில் துணியைக் கையில் எடுத்தது அப்பாதான். நாற்பது வருடம் தறியில் உட்கார்ந்தவர். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "நெசவு நல்லா இருக்குடா, ஆனா கரை கட்டாத துணி, ஓரம் பிரிஞ்சுரும்" என்றார். இந்தக் கிட்டைப் பற்றி நான் பிறகு தெரிந்துகொண்டதில் பாதி அந்த ஒரு வரியிலேயே இருந்தது.

நான் வாங்கியது கார்பன் ஸ்கின்னிங் கிட். அதாவது, காரில் இருக்கும் பிளாஸ்டிக் பாகத்தின் மேலேயே கார்பன் துணியை ரெசினில் (இறுகிக் கெட்டியாகும் பிசின்) ஒட்டி, மேலே ரெசின் ஏற்றித் தேய்த்து மெருகேற்றுவது. ஆன்லைனில் 6,800 ரூபாய். உள்ளே ஒரு சதுர மீட்டர் 3கே ட்வில் துணி, கறுப்பு பேஸ் ரெசின், தெளிவான எபாக்ஸி ரெசின், இரண்டையும் இறுக வைக்கும் ஹார்டனர், பிரஷ், கோப்பைகள், கையுறை, உப்புத்தாள் சில. கோவை செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ரேஸ் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து என் ஸ்விஃப்டின் இரண்டு மிரர் கவரையும் கார்பனில் செய்ய வேண்டும் என்று ஆசை. கடையில் கிடைக்கும் ஸ்டிக்கர் எனக்கு வேண்டாம். அதில் கோடுகள் அச்சு மட்டும்தான், வளைவில் போய் இழுபட்டுவிடும்.

துணிக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன். 3கே என்றால் ஒரு இழைக்கற்றையில் மூவாயிரம் நுண்ணிழைகள். ட்வில் என்பதால் ஒவ்வொரு ஊடையும் (குறுக்கு இழை) இரண்டு பாவுக்கு (நெடுக்கு இழை) மேலே, இரண்டு பாவுக்குக் கீழே என்று ஓடும்; சாய்ந்த கோடு அதனால்தான் தெரிகிறது. சாதாரண நெசவை விட இது வளைவில் நன்றாகப் படியும். ஆனால் கொஞ்சம் இழுத்தாலும் கோடு கோணிப்போகும். நான் மிரர் கவரின் மேல் வைத்து இழுத்து இழுத்துப் பார்த்தபோது அப்பா, "இழுக்காதடா, நடுவுல இருந்து வெளிய தடவு" என்று காட்டிக் கொடுத்தார். வெட்டுகிற இடத்தில் முதலில் மாஸ்கிங் டேப் ஒட்டி, டேப்பின் நடுவே வெட்டினால் ஓரம் பிரியாது. இதெல்லாம் கிட்டோடு வந்த தாளில் ஒரு வார்த்தை இல்லை.

அந்தத் தாளைப் பற்றித்தான் எனக்கு வருத்தம் அதிகம். ஒரே பக்கம், ஆங்கிலத்தில் மட்டும். ரெசின் கலந்த பிறகு வேலை செய்ய 20 நிமிடம் இருக்கும் என்று போட்டிருந்தார்கள். அதற்குக் கீழே பொடி எழுத்தில் 25 டிகிரியில் என்று இருந்தது. சேலத்தில் ஏப்ரல் மாத மதியம் 25 டிகிரிக்கு எங்கே போவது? மொட்டை மாடி ஷெட்டில் அன்று 38 டிகிரி. எபாக்ஸிக்கு ஏறக்குறைய ஒவ்வொரு 10 டிகிரிக்கும் நேரம் பாதியாகக் குறையும். அது தெரியாமல், தரப்பட்ட கோப்பையிலேயே 130 கிராம் ஒரே தடவையில் கலந்தேன். ரெசின் இறுகும்போது தானே சூட்டைக் கக்கும். கோப்பை ஆழமாக இருந்தால் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் இன்னும் வேகமாக இறுகும். ஏழாவது நிமிடம் கோப்பையைப் பிடிக்க முடியவில்லை, எட்டாவது நிமிடம் புகை. அந்த 130 கிராமும் அம்பர் நிறக் கல்லாகிவிட்டது. கையில் இருந்த மொத்தமே 500 கிராம்தான்.

அதற்குப் பிறகு செய்த மாற்றம் இது. காலை ஐந்து மணிக்கு எழுந்து வேலை. ஒரு தடவைக்கு 40 கிராமுக்கு மேல் கலப்பதில்லை. கலந்ததும் அகலமான தட்டில் ஊற்றிப் பரப்பிவிடுவேன். கலவை விகிதம் எடைக் கணக்கில் ரெசின் 100க்கு ஹார்டனர் 30. கண்ணளவில் ஊற்றினால் கடைசி வரை பிசுபிசுவென்றே இருக்கும். ஹார்டனரைக் கூட்டினால் சீக்கிரம் காயும் என்பதும் தவறு, அப்போதும் சரியாக இறுகாது. எதிர் வீட்டுக் கொலுசுப் பட்டறையில் வெள்ளி நிறுக்கும் தராசைக் கேட்டு வாங்கினேன். இதற்கு அதைவிடப் பொருத்தமான தராசு ஊரில் கிடையாது. கிட்டோடு தராசு வராது, அளவுக்கோடு போட்ட கோப்பைதான் வரும்.

இன்னொரு ஆபத்தும் அந்தத் தாளில் இருந்தது: பாகத்தை அசிட்டோனால் துடைக்கச் சொல்கிறது. மிரர் கவரின் உட்புறம் ஏபிஎஸ் என்று அச்சிட்டிருந்தது. ஏபிஎஸ் பிளாஸ்டிக்கை அசிட்டோன் கரைத்துவிடும். நான் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் பயன்படுத்தினேன். அசிட்டோனை பிரஷ் கழுவ மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கறுப்பு பேஸ் ரெசின் நன்றாக இருக்கிறது. 120 எண் உப்புத்தாளால் (எண் கூடக் கூட தாள் நைசாகும்) கவரைத் தேய்த்துவிட்டு ஒரு கோட் அடித்து, விரலால் தொட்டால் தடம் விழ வேண்டும், கையுறையில் ஒட்டக்கூடாது என்ற பதம் வரும் வரை காத்திருக்க வேண்டும். அந்தப் பதத்தில் துணியை வைத்தால் நகராமல் பிடித்துக்கொள்ளும். சேலத்து விடியலில் எனக்கு இது ஒன்றரை மணி நேரத்தில் வந்தது. டிரைவர் பக்கக் கவர் இப்படித்தான் முடிந்தது.

இரண்டாவது கவரை, குளிராக இருக்குமே என்று ஜூலையில் ஏற்காட்டில் பெரியம்மா வீட்டுக்குக் கொண்டுபோனேன். 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி சுமார் 1,500 மீட்டர் உயரம் போனால் சூட்டுப் பிரச்சினை தீரும் என்று கணக்கு. சூடு தீர்ந்தது, பனிமூட்டம் வந்தது. துணியை நனைத்து முதல் கோட் போட்டபோது ஆற அமர வேலை செய்ய முடிந்தது உண்மை. ஆனால் சாயங்காலம் மூட்டம் திண்ணை வரை இறங்கியது. காலையில் பார்த்தால் மேலே மெழுகு தடவியது போல ஒரு படலம். குளிரும் ஈரமும் சேரும்போது ஹார்டனரில் உள்ள அமைன் என்ற வேதிப்பொருள் காற்றின் ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் சேர்ந்து இப்படிப் படியும். அதன் மேல் அடுத்த கோட் போட்டால் பிடிக்காது. அப்படியே உப்புத்தாளால் தேய்க்கவும் கூடாது, உள்ளே பரவும். வெந்நீரும் பாத்திரம் தேய்க்கும் நாரும் போதும், தண்ணீரில் கரைந்து போய்விடும். அப்புறம் காயவைத்து, தேய்த்து, மீதிக் கோட்களைப் பெரியம்மா வீட்டுச் சமையலறையின் கதகதப்பில் போட்டேன். ரெசின் வாசனைக்கு நாள் முழுக்க ஜன்னலைத் திறந்தே வைத்திருக்க வேண்டியிருந்தது. பெரியம்மா ஒன்றும் சொல்லவில்லை.

தேய்ப்பதுதான் நீண்ட வேலை. 240, 400, 800, 1200, 2000 என்று தண்ணீர் விட்டுத் தேய்க்க வேண்டும். வழியும் தண்ணீர் வெள்ளையாக இருக்கும் வரை ரெசினில்தான் இருக்கிறீர்கள். சாம்பல், கறுப்பு என்று மாறினால் இழையைத் தொட்டுவிட்டீர்கள், உடனே நிறுத்துங்கள். கிட்டில் 800க்கு மேல் தாள் இல்லை, செவ்வாய்ப்பேட்டையில் வாங்கினேன். தண்ணீர் விடாமல் தேய்க்கவே கூடாது. கார்பன் தூசி மூச்சுக்குக் கெடுதல், மின்சாரத்தையும் கடத்தும். எங்கள் வீட்டை ஒட்டி விசைத்தறி ஓடுகிறது. மோட்டார், சுவிட்ச் போர்டு பக்கம் தூசி போனால் ஷார்ட் ஆகும் என்பதால் துணி வெட்டியதையும் மாடியின் மறு மூலையில்தான் செய்தேன். முழுக்கைச் சட்டை, மாஸ்க், கையுறை மூன்றும் வேண்டும். ரெசின் தோலில் பட்டுக்கொண்டே இருந்தால் ஒவ்வாமை வரும், ஒருமுறை வந்தால் அப்புறம் விடாது. கிட்டில் இரண்டே ஜோடி கையுறை வைத்திருப்பது போதவே போதாது.

இன்னொரு செலவும் இருக்கிறது. எபாக்ஸி வெயிலில் மஞ்சளாகும். மேலே யூவி தாங்கும் 2கே கிளியர், அதாவது ஹார்டனர் கலந்து அடிக்கும் நிறமில்லாத மேல்பூச்சு, அடித்தே ஆக வேண்டும். அது கிட்டில் கிடையாது, சொல்லவும் இல்லை. ஐந்து ரோடு பக்கம் ஒரு பெயின்ட் ஷெட்டில் இரண்டு கவருக்கும் சேர்த்து 900 ரூபாய் கொடுத்து அடித்தேன். அந்த வேலை அருமை.

எடை குறையும் என்று நினைத்து வாங்காதீர்கள். அதே வெள்ளித் தராசில் கவர் முதலில் 118 கிராம், முடிந்த பிறகு 171. பிளாஸ்டிக் அப்படியே உள்ளே இருக்கிறதே. எடை குறைய வேண்டுமென்றால் மோல்டு எடுத்து, வேக்குவம் பம்ப் வைத்து ரெசினை இழுத்து முழுப் பாகத்தையும் கார்பனில் வார்க்க வேண்டும். அது வேறு வேலை, வேறு செலவு. இந்தக் கிட் மிரர் கவர், கியர் பேனல், ஸ்பாய்லர் அளவுக்குச் சரி. ஸ்டியரிங்கில் ஏர்பேக் மூடி மேல் மட்டும் எக்காரணம் கொண்டும் ஒட்டாதீர்கள்.

இப்போது ஐந்து மாதம் ஆகிறது. சேலம் வெயிலிலும் ஏற்காட்டு மழையிலும் ஓடிய கவர்களில் மஞ்சள் இல்லை, ஓரம் எழும்பவில்லை. மாலை வெயில் சாய்வாக விழும்போது அந்த ட்வில் கோடு உள்ளே ஆழத்தில் அசைவதுபோலத் தெரியும், அதைப் பார்க்கவே நான் மெதுவாக இறங்கி கதவைச் சாத்துகிறேன். மறுபடி வாங்குவேனா என்றால் வாங்குவேன், கூடவே தனியாக 500 கிராம் ரெசினும் ஒரு பெட்டி கையுறையும் சேர்த்து. மீதித் துணியை அப்பா மடிக்க விடவில்லை. மடித்த இடத்தில் இழை முறியும் என்று அட்டைக் குழலில் சுற்றி, பட்டு நூல் வைக்கும் அலமாரியில் வைத்திருக்கிறார்.